விசையில் ஒரு தடை

4 ஜனவரி 1926, திங்கள்

இன்றும் எல்லாக் குண்டும் மண்ணுக்கே போயின. அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மேட்டில் மாரிச்சாமி நிறுத்தி வைத்த தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என்னோடு பணப்பை தூக்கி வருகிற ஆள் அவன். “தகரத்துக்கு ஆயுசு கெட்டி கேஷியரய்யா” என்று சிரிக்கிறான். தடியன்.

போன வருடம் நெல் வாங்கப் பணத்தோடு லாஞ்சுப் படகில் கியாக்தான் ஊருக்குப் போன கேஷியரை ஆற்றில் மடக்கி வெட்டிப் போட்டார்கள். அதனால் இந்த வருடம் சுடத் தெரிந்த கேஷியர்தான் போகலாமாம். பதினாறாம் தேதி மேனேஜர் துரை முன்னால் பரீட்சை. தேறாவிட்டால் வேலை போய்விடும். ரங்கூனில் எனக்கு எந்த ஆலை கதவைத் திறந்து வைத்திருக்கிறது?

தப்பு என்மேல் இல்லை. இந்தத் துப்பாக்கியின் சனியன் பிடித்த விசைதான்.

5 ஜனவரி

இந்தப் பெல்ஜியம் கைத்துப்பாக்கிக்கு வெளியே தட்டுகிற குதிரை கிடையாது. உள்ளே ஓர் ஊசி, சுருள்வில்லை அழுத்தியபடி கொக்கியில் மாட்டி நிற்கிறது. கொக்கி நழுவினால் ஊசி பாயும். விசையை இழுத்தால் முதலில் கொஞ்சம் தளர்வாக வருகிறது. பிறகு ஒரு தடை. அங்கே மணல் அரைபடுவதுபோல் இழுக்கிறது. எப்போது விடும் என்றே தெரிவதில்லை. திடீரென்று விடும்போது நான்தான் துள்ளுகிறேன்.

7 ஜனவரி

பசுந்தாங் பேட்டையில் துப்பாக்கி பழுது பார்க்கும் பர்கத்துல்லா பாயிடம் போனேன். “கொக்கியக் கொஞ்சம் அராவி விடுங்க பாய். தொட்டாப் போதும்னு இருக்கணும்.”

“அராவ மாட்டேன் தம்பி. லாஞ்சுல இருந்து நீங்க குதிச்சா அதுவும் சேந்து வெடிக்கும்.”

பிரித்துக் காட்டினார். பழைய எண்ணெய் தாராக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார், புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். மணல் போய்விட்டது. தடை மட்டும் அப்படியே இருக்கிறது. “அது இருக்கட்டும். விரல் அங்கன நிக்கப் பழகணும்” என்கிறார். எரிச்சலோடு வந்தேன்.

8 ஜனவரி

எல்லாம் மண்ணுக்கே. அப்படியானால் — நானா?

10 ஜனவரி, ஞாயிறு

என் மனைவி வேலம்மா குண்டுகளைப் பருப்பு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வெறும் துப்பாக்கியைத் தொடவே விட்டாள். சுவரைப் பார்த்து இழுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க இது, ரூபாயச் சுண்டுற மாதிரி சுண்டுறீங்க? கள்ளக் காசான்னு பாக்குறீங்களோ?”

கோபம் வந்தது. சாப்பாடு வேண்டாம் என்றேன். பசித்ததால் சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க ஆலையில் ரூபாயைச் சுண்டி ஓசை கேட்கிற கை இது. சுண்டும்போது மணிக்கட்டே வெடுக்கென்று அசையும். விசையிலும் அதையேதான் செய்கிறேன்!

அவளே துப்பாக்கியின் முதுகில் ஒரு ரூபாயை வைத்தாள். “இது விழாம இழுங்க பாப்போம்.”

விழுந்தது. நல்ல காசுதான், ஓசையில் குறையில்லை.

12 ஜனவரி

விழுகிறது.

14 ஜனவரி, பொங்கல்

விழவில்லை! தளர்வை எடுத்து, தடையில் நின்று, மூச்சை விட்டு, மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தேன். அது தானாக விட்டது. காசு அசையவே இல்லை. அதே விசைதானா இது? வேலம்மா, “மேல ஒரு கிண்ணம் பொங்கல் வெச்சுப் பாக்கலாமா?” என்கிறாள்.

16 ஜனவரி

தகரத்தில் ஓட்டை! துரை தலையசைத்தார். அப்பாடா. மாரிச்சாமி அந்தத் தகரத்தை ஊர்வலமாகத் தூக்கி வந்தான்.

23 ஜனவரி, சனி

இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.

கியாக்தான் போகிற லாஞ்சில் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன். பொழுது சாய்ந்திருந்தது. காலடியில் இருந்த பையை யாரோ இழுத்தார்கள். போன வருடத்து ஆள்தான் கண்முன் வந்தார். மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தது நினைவில்லை. விரல் உள்ளே போய்விட்டது, தளர்வு முழுதும் வந்துவிட்டது — தடையில் நின்றது. விரல் தானாக நின்றது.

“தண்ணி உள்ள வருது கேஷியரய்யா, பை நனையுது!”

மாரிச்சாமி. குனிந்து பையை மேலே தூக்கி வைத்தான். என் கையில் இருந்ததை அவன் பார்க்கவே இல்லை. “ஏன்யா மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, பசியா?” என்று தன் அவலில் பாதியைக் கொடுத்தான். கையிலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு பாய் மட்டும் அந்தக் கொக்கியை அராவியிருந்தால் —

வேண்டாம். எழுத வேண்டாம்.

25 ஜனவரி

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பாய் கடைக்குப் போனேன். “என்ன தம்பி விசேஷம்?” என்றார்.

“மாரிச்சாமி நல்லா இருக்கான் பாய்.”

“யாரு அது?” என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது. பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.