தலைகீழாய்க் கட்டிய கற்றாழை

நுவரெலியா,
20 ஜூலை 1938

மதிப்பிற்குரிய என் மணவாளருக்கு வியாகுலமேரி பணிவுடன் வரைவது. துரையவர்கள் பங்களாவில் நான் சுகம். தங்கள் இருமல் தணிந்ததா?

ஆவூரில் தாங்கள் பிடுங்கித் தந்த கற்றாழைக் கன்று தொட்டியில் தனியே நிற்கிறதே என்று இரங்கி, தினமும் நீர் வார்த்தேன், வேர் அழுகிவிட்டது. அழுகலை அறுத்தெறிந்து, நம்மூரில் வாசலில் கட்டுவதுபோல் அடுக்களையில் தலைகீழாய்க் கட்டினேன்.

"என்ன ஆயா, செடியத் தூக்குல போட்டுட்டீங்களே!" என்று சமையற்காரர் நகைத்தார். இருபதாம் நாள் புதுவேர் கண்டது.

இவ்விடத்து மண் ஈரம் வடியாத களிமண். ஆகையால் கன்றை நட நம் கொல்லைச் சரளைமண் இரண்டு படி வேண்டும். தபாலில் அனுப்பினால் வழி மழையில் கரைந்துபோகும். தாங்களே கையில் கொண்டுவருவதுதான் முறையாகும்.

துரைசானி மணியடிக்கிறார். வேர் காற்றில் தொங்குகிறது, தாமதம் வேண்டாம்.

தங்கள்,
வியாகுலமேரி