வெங்காயத் தலையும் எள்ளுருண்டையும்

அக்கா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பது வயதில், வழுக்கைத் தலையில் சின்ன வெங்காயச் சாறு பூசிக்கொண்டு திரிகிறேன். குளித்தாலும் நாற்றம் போவதில்லை. இன்று காலை அவலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "யாருப்பா வெங்காய மூட்டைய ஏத்துனது? லக்கேஜ் டிக்கெட் வாங்கு" என்றார். நான் ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ அதை நேற்றுத்தான் கட்டி முடித்தது போல.

உடனே உன் சிரிப்பு ஞாபகம் வந்தது.

கீமோவில் உன் முடி கொட்டியபோது, ஒரு கிண்ணம் வெங்காயச் சாற்றோடு எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தவன் நான். உங்கள் சமண வீட்டில் வெங்காயம் வாசற்படி தாண்டாது என்பது தெரு நாய்க்கும் தெரியும். எனக்கு மட்டும் மறந்துவிட்டது.

"இன்னாடா இது?"

"கந்தகம் அக்கா. முடி, நகம் எல்லாம் அதுலதான் கெட்டிப்படுதாம். போன்ல படிச்சேன்."

"கந்தகம் பீரங்கிக்குப் போடுறது. என் மண்ட இன்னா, ராஜகிரி மேல வச்ச பீரங்கியா? வாய்க்கு ஆகாதத தலைக்கு மட்டும் ஊத்துவியா? எடுத்துட்டுப் போடா."

விடுவேனா? உடம்புக்குக் கந்தகம் வேண்டுமே, வெங்காயம் பூண்டு இல்லாமல் எங்கிருந்து வரும் என்று வாதாடினேன். "எள்ளுல இல்லியான்னு பாரு" என்றாய். பார்த்தேன். இருந்தது. பருப்பு, பால் என்று நாம் தின்கிற புரதத்தோடு சேர்ந்தே வருகிறதாம், எள்ளில் தாராளமாம். அன்றிலிருந்து உனக்குத் தினம் ஒரு எள்ளுருண்டை. தோற்றதற்குத் தண்டனையாக எனக்கும் ஒன்று.

உன் மகன் கல்யாணம் வந்தது, முடி வரவில்லை. உன் நாத்தனார் டோப்பாவோடு வந்து நின்றார். "மொட்டத் தலையோட மேடையில நின்னா சம்பந்தி வீட்ல இன்னா நெனப்பாங்க? இத மாட்டிக்க, இல்லன்னா பின்னால உக்காந்துக்க அண்ணி." தெரு முழுக்க இதே பேச்சு. பரப்பியதில் எனக்கும் பங்குண்டு.

நீ மாட்டவும் இல்லை, பின்னால் உட்காரவும் இல்லை. மல்லிகைச் சரத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மேடை ஏறினாய். போட்டோக்காரர் தயங்கினார். "லைட்ட இன்னும் கிட்ட வைப்பா, பளபளன்னு விழட்டும்" என்றாய். நாத்தனார்தான் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் ஒருநாள், தெருவில் போன என்னைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்து காட்டினாய். பூனைக்குட்டி ரோமம் போல முளைத்திருந்தது. "தொட்டுப் பாருடா வெங்காயம். எள்ளுக்கு வந்தது."

நீ போனபின் துக்கம் கேட்க வந்த ஒருவர், "வெங்காயம் பூண்டு தின்னிருந்தா தெம்பு இருந்திருக்கும்" என்று ஆரம்பித்தார். "மேடையில அவங்களப் பாத்தீங்களா? அந்தத் தெம்புல பாதி உங்ககிட்ட இருக்குதா?" என்று கத்தினேன். தலையில் வெங்காய நாற்றத்தோடு கத்தியதால் எடுபட்டதா தெரியாது. இனி எவன் சொன்னாலும் கத்துவேன்.

சட்டைப்பையில் இன்றும் ஒரு எள்ளுருண்டை இருக்கிறது. வாய் உன் கட்சி. தலை மட்டும் இன்னும் என் கட்சி.

ஒன்று சொல்ல வேண்டும். காரியம் முடிந்தபின் உன் மகன் சொன்னான். முடி எள்ளுக்கு வரவில்லையாம். கீமோ மருந்து கேட்கவில்லை என்று அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தினால் முடி தானாக வளருமாம். டாக்டர் அதை முதலில் சொன்னதே உன்னிடம்தானாம்.