வீடு வாங்க வராத டாக்டர்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு தொடங்குகிறேன்.

வீட்டு விஷயத்தை உன் அப்பா போனில் ஏதோ சொல்லியிருப்பார், அவருக்குக் கோர்வையாகப் பேச வராது, நடந்ததை நடந்தபடி சொல்ல நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான். சமையல் கீழே, படுக்கை மாடியில், அம்மாவால் படியேற முடியவில்லை, அதனால் இதை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள இடமாகப் போவது என்று பேசியிருந்தோம் அல்லவா. ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். தங்கமான மனிதர். குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், ஜன்னல் கொக்கியைக்கூட மாட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது, அடுத்த வாரம் முன்பணத்தோடு வருகிறேன் என்றார். ஒரு வாரத்தில் மனிதன் மனசு எப்படியெல்லாம் மாறும் என்பது வியாபாரம் தெரிந்த எனக்குத்தானே தெரியும்? தெருமுனை வரை கூடவே போய், "சீக்கிரம் முடிச்சிடுங்க சார், ஒரு பெரிய டாக்டர் இந்த வீடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். சும்மா டாக்டர் இல்லை, இதய டாக்டர், இரண்டு கார். வீட்டிலும் வந்து சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே அந்த மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது.

மறுநாளே வாத்தியார் போன் செய்து, "உயிரக் காப்பாத்துறவருக்குப் போட்டியா நான் நிக்கக் கூடாதுங்க, அவரே வாங்கிக்கட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். இவ்வளவு நல்லவனை வைத்துக்கொண்டு எவன் வியாபாரம் செய்வான், சொல்! உன் அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை, அதுதான் டாக்டர் இருக்கிறாரே என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பாதிப் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள், படியேறும்போதெல்லாம் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, உங்க டாக்டர் எப்ப வர்றாரு?" என்று கேட்பாள். எனக்கே மனசு கேட்கவில்லை. நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய், டாக்டர் பின்வாங்கிவிட்டார், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒத்தக்கால்ல நின்னவரே வேணாம்னுட்டாருன்னா வீட்டுல ஏதோ கோளாறு இருக்கணுமே" என்றார். இப்போது தெரு முழுக்க அதே பேச்சு, அஸ்திவாரம் விரிசலாம், சுவரெல்லாம் ஓதமாம். இல்லாத டாக்டர் வேண்டாமென்ற வீட்டை இருக்கிற ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். திட்டவும் இல்லை. "உங்க டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க தம்பி, முட்டி வலிக்கிறவ மாடியில படுக்கணுமா, இல்ல சும்மா பூட்டிக் கெடக்குற உங்க ஆபீஸ் ரூம்ல படுக்கலாமா?" என்றாள். கீழே முன்னறைதான் என் ஆபீஸ், எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து உட்கார வேண்டிய இடம், இன்னும் யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கே என் ஆபீஸ் மேசையை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கட்டிலைக் கீழே இறக்கினோம், பாரம் முழுக்க என் பக்கம்தான். அம்மா இப்போது படிப்பக்கமே போவதில்லை, முகம் தெளிந்திருக்கிறது. வீடு விற்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. எப்படி முடித்துவைத்தேன் பார்த்தாயா!

நீயும் அங்கே வீடு பார்க்கிறாயாம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே, விலை பேசும்போது என்னைப் போனில் பிடி, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நோய்நொடி அண்டாமல் நிறைவாக இரு.

இப்படிக்கு,
மாடியிலிருந்து உன் சித்தப்பா