நான் கட்டிய கட்டு

12-8-1971, வியாழன்

அண்ணன் காலை மறுபடியும் உடைக்கப் போகிறார்கள்!

எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது என்றார் மெட்ராஸ் டாக்டர். பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது. தறியில் உட்கார்ந்தால் மிதிப்பலகையில் கால் படுவதில்லை. கோணலான இடத்தில் வெட்டி, நேராக்கி, தகடு வைத்துத் திருகுவார்களாம். இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து இடைவெளியில் வைப்பார்களாம்.

"நடுவுல கட்டை யாருப்பா அவுத்துக் கட்டினது?" என்று கேட்டார்.



"நான்தான் சார். அரிப்பு தாங்கல," என்றான் அண்ணன்.

பொய். எங்கள் தலைவர் படம், முதல் நாள், முதல் ஷோ. அப்போது, ஊர் எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அண்ணனை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பெரிய காஞ்சிபுரம் கூட்டிப்போனேன். கூட்டம் நெருக்கியதில் மூங்கில் பட்டை நழுவிவிட்டது. முதலுதவிப் புத்தகம் படித்த திமிரில் நானே அவிழ்த்துக் கட்டினேன்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, "ஏண்ணா பொய் சொன்ன?" என்றேன்.

"நீ கூப்ட. நானும்தான் சட்ட மாத்திக்கினு கெளம்பினேன். கம்முனு வாடா."

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும். பட அறிவிப்பு எழுதும் எங்கள் ரசிகர் மன்றப் பலகையில் நாளைக் காலையில் எழுதவேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். கடைசி வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

"தோழர்களே! என் அண்ணனுக்கு ரத்தம் தேவை. ஞாயிறு காலை மெட்ராஸ் பஸ்ஸுக்கு எல்லாரும் வாருங்கள். அவன் கட்டை அவிழ்த்தவன் நான்."