கிளாரினெட் புத்தகத்தின் முதல் பாடம்

அலமாரியைத் துடைக்கையில் உன் கிளாரினெட் புத்தகம் கைக்கு வந்தது. அட்டை முழுக்க, கருவியின் மூட்டுகளில் நீ தடவும் மெழுகின் வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மதகடிப்பட்டு மருந்துக்கடையில் நாம் இருவரும் வேலை பார்த்த நாட்கள். உன் சித்தப்பா விட்டுப்போன கிளாரினெட்டை நாற்பது வயதில் நீ கையில் எடுத்தாய். உங்கள் ஊர் மாதா கோயில் பேண்டுக்காரர்களிடம் கற்றுத்தரக் கேட்டதற்கு, "உனுக்கு இன்னாத்துக்குமா இதெல்லாம்?" என்று சிரித்தார்களாம். நீ புத்தகம் வாங்கினாய். முதலில் வாங்கியது தடியாக இருந்தது. கருவியின் வரலாறு முடியவே அதில் பாதி போய்விட்டது. அடுத்தது, வில்லியனூரில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த இது. விரல் வைக்கும் இடமெல்லாம் பெரிய பெரிய படம். இங்கிலீஷ்தான் தகராறு. மதியம் கடையில் கூட்டம் இல்லாதபோது நான் படித்துச் சொல்வேன். நீ குடைக் காம்பில் விரல் வைத்துப் பார்ப்பாய்.

"கன்னம் உப்பக் கூடாதாம்டி."

"அப்ப காத்து எங்கடி போவும்?"

ஒரு பாட்டு முழுதாக வந்த வாரத்தில்தான் உனக்கு முகவாதம் வந்தது. காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியதாம். வலது கன்னம் அசையவில்லை. சரியாகிவிடும், நாளாகும் என்றார் டாக்டர். புத்தகத்தை மூட்டை கட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் உன்னைப் பார்க்க வந்தேன். நீ முதல் பாடத்தைத் திறந்து என் மடியில் போட்டாய்.

"மொதல்லேர்ந்து படிடி." சொல் குழறியது.

டாக்டர் ஊதலாம் என்ற பிறகு, கண்ணாடி முன்னால் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஊதினாய். உதட்டோரம் காற்று சீறும். அழுவாய், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவாய். என்னால் பார்க்க முடியாது. ஆனாலும் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பூசையில், சாமியாரிடம் நீயே கேட்டு, தனியாக வாசித்தாய். நடுவில் ஒருமுறை கீச்சென்றது. நீயே சிரித்துவிட்டுத் தொடர்ந்தாய். முடிந்ததும் பேண்டில் மூத்தவர் தன் நாற்காலியை நகர்த்தி உனக்கு இடம் விட்டார். அதன்பிறகு அவர்களோடுதான் வாசித்தாய், போன கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் உன் இதயம் நின்றுபோகும்வரை.

போன வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மருந்துச் சீட்டை நீட்டினாள். நீ சாப்பிட்ட அதே மாத்திரை. அவள் நிமிரவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"எம் பிரண்டுக்கும் இப்படித்தாம்மா வந்துச்சி. அப்புறம் அவ கோயில்ல கிளாரினெட்டே வாசிச்சா."

"கிளாரினெட்டா?" என்றாள், முந்தானையை இறக்கிவிட்டு.