அப்பா அடித்த காற்று

என் பிரியமுள்ள குமரண்ணே,

கோபப்படாதே. நான் மோட்டார் வாங்கிவிட்டேன். நீ போன பிறகு இரண்டு சக்கரம் எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா சொன்னதை மீறித்தான் வாங்கினேன்.

இது சாலையில் ஓடுகிற மோட்டார் இல்லை. டிரையல்ஸ் பைக். உட்கார இருக்கைகூடக் கிடையாது. நின்றபடி, நடக்கிற வேகத்தில், பாறை மேல் ஏற்றி இறக்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டம். உன் கூட்டாளி சரவணன்தான் பழையது ஒன்றைத் தேடிப்பிடித்துத் தந்தார். லகாட்டில், பழைய ஈயச் சுரங்க நிலத்தில், ஞாயிறு காலைகளில் பழகுகிறேன். வாரம் முழுக்க கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்தே இருக்கிற எனக்கு அந்த இரண்டு மணி நேரம் உன்னைத் தவிர எல்லாம் மறந்துபோகிறது.

நான் குள்ளம் என்று கேலி செய்வாயே, ஹேண்டில்பாரை அதற்கேற்பத் தாழ்த்தினோம். ஒரே விரலால் பிடிக்கும்படி பிரேக்கையும் கிளட்சையும் திருப்பி வைத்தோம். நான் விழுந்தால் எஞ்சின் அணைய, மணிக்கட்டில் ஒரு கயிறு. கடைசியாக டயர். பின்னால் நாலே பவுண்டு காற்று, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். அப்போதுதான் அது பாறையைக் கவ்வும்.

சரவணன் பட்டறையில் இடமில்லாமல் போன மாதம் மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

தோட்டத்து லாரி ஓட்டிய காலத்திலிருந்து விடிந்ததும் அவர் டயரைத்தானே முதலில் பார்ப்பார்? நீ ஆயர் தாவாருக்குக் கிளம்பிய அன்று மட்டும் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வழியில் உன் மோட்டாரின் முன் டயர் வெடித்தது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வேன் டயரைக்கூட அவர் அழுத்திப் பார்க்காமல் விடுவதில்லை.

மோட்டார் வீட்டுக்கு வந்த வாரத்து ஞாயிறு, நெஞ்சு உயரப் பாறை ஒன்றில் ஏற்றினேன். பின் சக்கரம் பந்து மாதிரி எகிறியது. நான் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணைந்ததால் பிழைத்தேன். முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழிந்திருந்தது. சரவணன் டயரை அழுத்திப் பார்த்தார்.

"யாரு இவ்ளோ காத்து அடிச்சது? கல்லு மாதிரி இருக்குலா."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

வீட்டில் என் காலைப் பார்த்ததும் அப்பா கேட்டார். மறைக்க முடியாமல் சொன்னேன். டயர் சப்பையாக இருந்தது, அதனால்தான் காற்று அடித்தேன் என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த ஞாயிறு தானும் வருவதாகச் சொல்லிச் சரவணனின் பிக்கப்பில் ஏறினார். மோட்டாரை விற்றுவிடு என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். லகாட்டில் இறங்கியதும் அவர் மோட்டார் பக்கத்தில் குந்தி, வால்வை அழுத்தினார். தானே அடித்த காற்றைத் தானே விட்டார். பாதியில் விரலை எடுத்தார்.

"குமரன் வண்டில அன்னிக்குக் காத்து இருந்துச்சாம்மா?"

ஐந்து வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி, அண்ணே. சரவணன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இருந்துச்சுப்பா. கெளம்பறப்போ அண்ணே அழுத்திப் பாத்துச்சு. நான் வாசல்லதான் நின்னேன்."

நான் வாசலில் நிற்கவில்லை. நீ கிளம்பியபோது தூங்கிக்கொண்டிருந்தேன். நீ கதவைச் சாத்திய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. டயரைப் பார்த்துவிட்டுத்தான் போனாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அப்பா வெகு நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வால்வை மறுபடி அழுத்தி, நாலு பவுண்டு வரும்வரை விட்டார். நான் பாறையில் ஏறினேன். ஒரு தடவை கால் ஊன்றினேன், ஏறிவிட்டேன்.

நான் மாற்றிச் சொல்லமாட்டேன் அண்ணே, அப்பா எத்தனை தடவை கேட்டாலும். என்றைக்காவது அவர் அங்கே வந்து உன்னிடமே கேட்பார். நீயும் அதையே சொல்.

வாசலில் நிற்காத உன் தங்கச்சி,
கோமதி