சத்தமில்லாத மோட்டார்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் தம்பியும் நல்லா இருக்கோம், அம்மாவுக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் கொஞ்சம் படுத்துது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்குற நேரத்துக்குத் தூங்கி நல்லா இருப்பேன்னு நம்புறோம். தம்பி கார் ஓட்டக் கத்துக்குறேன்னு எதிர்வீட்டு கேட்டை ஒரு இடி இடிச்சுட்டான், அவங்க பெரிய மனசு பண்ணிச் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க.

பட்டறைச் சேதி கேளு. உங்க ராணுவ ஆராய்ச்சிக்கூடத்துக்காக மூணு வருஷம் விரல் நீளத்துல ஒரு மோட்டார் செஞ்சோமே, அந்தத் திட்டத்தை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. எதுக்கு அந்த மோட்டார்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல. ஆனா ஒண்ணை ஒத்துக்கணும், தலைமுடி மாதிரிக் கம்பியை நாப்பது தடவை சுத்திப் பிரிச்சு மறுபடி சுத்த அவங்க பணம் குடுத்தாங்க, வேற எந்த வாடிக்கைக்காரர் அதுக்குப் பொறுப்பாரு? என் கைக்கு இவ்வளவு நுணுக்கம் வரும்னு எனக்கே தெரியாது. அதே மூணு வருஷம் தண்ணி மோட்டார் கொண்டு வந்தவங்களை எல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விட்டோம், அவங்க வேற பட்டறை பாத்துக்கிட்டாங்க. திட்டம் நின்னதும் பட்டறையில பதினோரு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தோம், அதுல ரெண்டு பேரு தொழிலையே விட்டுட்டுப் போயிட்டாங்க.

அப்பத்தான் மாடி வீட்டு நர்சம்மா வந்தாங்க. குறை மாசத்துல பொறந்த குழந்தைங்களுக்குச் சொட்டுச் சொட்டா மருந்து ஏத்துற மெஷின் கரகரன்னு சத்தம் போடுது, பிள்ளைங்க தூக்கத்துல திடுக்கு திடுக்குன்னு தூக்கிப் போடுதுங்க, ஏதாவது வழி உண்டான்னு கேட்டாங்க. எங்க மோட்டாரைப் பொருத்தினா தீர்ந்துடும், ஆனா அதோட வரைபடம் ரகசியம், அனுமதி இல்லாம தொடக்கூடாது. எங்க பட்டறை முதலாளியம்மா அனுமதி கேட்டு மூணு தடவை எழுதிப் போட்டாங்க, பதிலே இல்ல. அப்புறம் இந்த வருஷ ஆரம்பத்துல திடீர்னு அனுமதி வந்துச்சு. முந்தாநாள் மெஷினை வார்டுல வச்சோம். காதைக் கிட்டக் கொண்டு போனேன், மருந்து இறங்குறது கண்ணுக்குத் தெரியுது, காதுக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு முழம்கூட இல்லாத பிள்ளை வாயைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்குது. பாக்க வந்த உங்க ஆபீஸ் அதிகாரி பேச்சுவாக்குல சொன்னாரு, ஒரு பொண்ணு ஏழு மாசம் மேசை மேசையா ஏறி இறங்கி, உன் வேலை எதுவோ அதைப் பாருன்னு திட்டு வாங்கியும் விடாம இந்த அனுமதியை வாங்குச்சாம். யாருன்னு கேட்டேன், உன் பேரைச் சொன்னாரு. என் பொண்ணுன்னு சொல்ல வாயைத் திறந்துட்டு, மெஷின் திருகாணியை இன்னொரு தடவை முறுக்கிப் பாத்தேன்.

அம்மா இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னா, எனக்குத்தான் இவ்வளவு சுத்தி வரவேண்டியிருக்கு. நீ அந்த ஆராய்ச்சிக்கூடத்துல வேலைக்குச் சேரப் புறப்பட்ட அன்னைக்கு, ஆளைக் கொல்றதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்னு கேட்டுட்டேன். நான் மட்டும் என்ன யோக்கியம், அதே ராணுவப் பணத்துலதானே மூணு வருஷம் சாப்பிட்டேன். அந்த வார்த்தைக்கு அப்பாவை மன்னிச்சுடு கண்ணு. அந்தப் பணம் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிருந்தா இந்த மெஷின் எப்பவோ வந்திருக்கும்ங்குற என் பேச்சு மட்டும் மாறாது, அதுக்கு நீ லீவுல வந்து பக்கத்துல உக்காந்து சண்டை போடு.

எந்தக் குறையும் இல்லாம, நினைச்சதெல்லாம் கைகூடி நல்லா இருப்பே. கண் டாக்டரைப் பாக்கச் சொன்னேன், தள்ளிப் போடாதே.

உன் மேல கோபமே இல்லாத
அப்பா